பாப்பா எந்தத் தேதியில் வரும்?

இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "அப்போ பெரியவனை ஸ்கூல்ல சேர்த்துடுவீங்கதானே?" என்பதுதான். வாழ்த்துகூட அதற்கு அப்புறம்தான் வருகிறது. கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஏழு வயதுப் பையன், ஆட்டிசம், வீட்டிலேயே படிப்பு, நடுவில் அம்மா கர்ப்பம் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவன் வாழ்க்கையில் இதுவரை வந்ததிலேயே பெரிய மாற்றம் இந்தப் பாப்பாவாகத்தான் இருக்கப்போகிறது. அதே சமயத்தில் புது இடம், புது ஆட்கள், ஒரு அறை நிறையப் பிள்ளைகளின் சத்தம் என்று இன்னொன்றையும் அவன் தலையில் ஏற்றினால் எனக்கு ஓய்வு கிடைக்காது, இருக்கிற தூக்கமும் போய்விடும். அதனால் ஹோம் ஸ்கூலிங் தொடர்கிறது. எப்படித் தொடர்கிறது என்று எழுதி வைக்கத் தோன்றியது, ஏனென்றால் கர்ப்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஆட்டிசம் பற்றி எழுதுவதில்லை, ஆட்டிசம் பற்றி எழுதுபவர்கள் வாந்தியைப் பற்றி எழுதுவதில்லை.

முதல் மூன்று மாதம் எங்கள் பள்ளிக்கூடம் சோபாவில்தான் நடந்தது. நான் படுத்திருப்பேன், அவன் தரையில் உட்கார்ந்து எதையாவது எடை போட்டுக்கொண்டிருப்பான். எடை போடுவதுதான் அவனுக்கு எல்லாம். ஒரு கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று சமையலறைக்காக வாங்கியது, இப்போது அது அவனுடையது, எனக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். செருப்பு, அகராதி, சோப்பு, டிவி ரிமோட், பேட்டரி எடுத்த ரிமோட் என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. கழித்தல் கணக்கை நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததாக நினைவே இல்லை. ஈரத் துண்டின் எடையிலிருந்து காய்ந்த துண்டின் எடையை எடுத்தால் துண்டுக்குள் இருக்கும் தண்ணீரின் எடை வரும், அதை எப்படியாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று அவனுக்கு இருந்தது, அவ்வளவுதான். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்று தெரிந்த அன்று வீட்டில் இருந்த எல்லா டம்ளரும் தரைக்கு வந்துவிட்டது.

பள்ளி நேரம் முழுவதையும் வீட்டிலும் அப்படியே ஓட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், டைம்டேபிள் போட்டு, மணி அடித்து. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பள்ளியில் போகும் நேரத்தில் வரிசையில் நிற்பது, அமைதியாக்குவது, வருகைப் பதிவு, ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஒரே ஒரு குழந்தையோடு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் அன்றைய வேலை முடிந்துவிடும். உடம்பு முடியாத நாட்களில் அதுவும் இல்லை, தராசும் அவன் கேட்கும் ஒலிப்புத்தகமும்தான் அன்றைக்கு டீச்சர். அந்த மாதங்களில் அவன் பின்தங்கிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வாசனை. கர்ப்பத்தில் மூக்கு வேறு மாதிரி ஆகிவிடும் என்று கேள்விப்பட்டதுதான், இந்த முறை அது முழு வேகத்தில் வந்தது. ஒரு குறிப்பிட்ட சோப்பை அவன் சின்ன வயதிலிருந்தே கிட்டே சேர்க்க மாட்டான், குளியலறைக்குள் அது இருந்தால் வாசலிலேயே நின்றுவிடுவான். எனக்கு அதில் ஒரு வாசனையும் தெரிந்ததில்லை. இப்போது மூடிய அலமாரிக்குள் இருந்தாலும் எனக்குத் தெரிகிறது. ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் இவற்றுக்கு அளவுக்கு மீறியோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக 2013இல் வந்த டிஎஸ்எம் என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் முறையாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் "பிடிவாதம்" என்ற ஒரே வார்த்தைக்குள் அடைக்கப்பட்டிருப்பார்களோ. அவனுக்கு இருப்பது எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், என்னுடையது பிரசவத்தோடு போய்விடும், அவனுடையது போகாது. ஆனால் "சும்மா ஒரு வாசனைதானே" என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சத்தம்தான் நிஜமான சண்டை. அவன் முனகுவான், ஒரே சுருதியில், நாள் முழுக்க. யோசிக்கும்போது, சந்தோஷத்தில், பயத்தில், எல்லாவற்றுக்கும். அது அவன் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும் வழி, நிறுத்தச் சொல்வது மூச்சை நிறுத்தச் சொல்வது மாதிரி. எனக்கோ தலைவலி, அந்தச் சுருதி நேராகப் பின்மண்டையில் போய் நிற்கும். நான் வேறு அறைக்குப் போனால் அவனும் வருவான், என்னோடு இருப்பதுதானே அவனுக்கு வேண்டும். கடைசியில் அவனுக்காக வாங்கியிருந்த, காதை முழுக்க மூடும் ஹெட்போனை நான் போட்டுக்கொண்டேன். அவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு "சத்தம் அதிகம்" என்றான், நான் தலையாட்டினேன், அவன் முனகலைத் தொடர்ந்தான். எங்களுக்குள் அது ஒரு ஒப்பந்தம் போல ஆகிவிட்டது. முனகுபவன் முனகலாம், தாங்க முடியாதவர் மூடிக்கொள்ளலாம், யார் மேலும் தப்பில்லை. ஆறாவது மாதத்துக்கு மேல் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வெளிச் சத்தம், அதிலும் கனமான தாழ்ந்த ஒலிகள், கேட்கத் தொடங்கும் என்கிறார்கள். அப்படியென்றால் இந்த முனகல் பாப்பாவுக்கு நன்றாகப் பழகிப்போயிருக்கும்.

வயிறு பெரிதானதும் இன்னொரு பிரச்சினை. மனசு கலங்கினால் அவனுக்கு அழுத்தம் வேண்டும், கெட்டியான அழுத்தம். என் மேல் முழு எடையோடு வந்து விழுந்து வயிற்றில் தலையை அழுத்திக்கொள்வான், சில நிமிடத்தில் சரியாகிவிடும், பல வருடப் பழக்கம். "இனிமே அம்மா வயித்துல படுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னால் இருப்பதைப் பிடுங்கியதாகத்தான் ஆகும், பதிலுக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும். இவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்: முதுகோடு முதுகு. தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதுகால் தள்ளிக்கொள்வது. என் இடுப்பு வலிக்கும் அது இதமாக இருந்தது என்பது எதிர்பாராத லாபம். பெரிய கலக்கம் என்றால் இவர் அவனைக் கனமான போர்வையில் சுருட்டிக் கட்டிக்கொள்கிறார், நான் அந்த அறையில் இருப்பதில்லை. அவன் கை கால் வீசும்போது வயிற்றில் பட்டுவிடக் கூடாது என்பது ஒன்று. அதைவிட, அப்படிப் பட்டுவிட்டால் அப்புறம் வாரக்கணக்கில் அவன் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். இவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நடந்தால் நான் கதவருகே நின்று, பேசாமல், விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். பேசாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்த்தால், இத்தனை நாள் அந்த நேரத்தில் பேசிய பேச்செல்லாம் யாருக்காக என்று தோன்றுகிறது.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் இருந்த ஒரு செயலி, வாராவாரம் பாப்பாவை ஒரு பழத்தோடு ஒப்பிட்டுக் காட்டும். அதில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தவன் ஓடிப்போய் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, இன்னொன்றை வைத்தான், அது வேறு எண் காட்டியது. எந்த எலுமிச்சம்பழம்? அன்று முழுக்க அதே கேள்விதான். செயலியை அழித்துவிட்டு கிராமில் பேச ஆரம்பித்தோம். 20 வாரத்தில் சுமார் 300 கிராம், 28 வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ, பிறக்கும்போது பெரும்பாலும் இரண்டரைக்கும் நான்கு கிலோவுக்கும் நடுவில். ஒரு துணிப்பையில் அத்தனை கிராம் வரும்வரை பொருட்களைப் போட்டு, தூக்கிப் பார்த்து, பெயரும் வைத்துவிட்டான்: இந்த வாரப் பாப்பா. எடை கூடக் கூட நோட்டில் வரைபடம். கோடு ஏன் நேராகப் போகாமல் வளைந்து மேலே போகிறது என்று அவனே கேட்டான்.

"சுமார்" என்பதை ஒருவழியாக ஏற்றுக்கொண்டான். தேதியைத்தான் ஏற்கவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி போட்டிருந்தது. அவன் எதையும் படிக்காமல் விடமாட்டான், படித்துவிட்டு காலண்டரில் அந்தக் கட்டத்தில் "பாப்பா" என்று எழுதிவிட்டான். இப்போது அந்த நாள் அவனுக்கு ஒரு வாக்குறுதி. ஆனால் அந்தத் தேதி என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போட்ட ஒரு கணக்குதான். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று அளவுக்குத்தான் இருக்கும். 37 வாரம் முடிந்த பிறகு 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெரியவர்களுக்கு இது ஒரு தகவல், காதில் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். மறுநாள் என்ன நடக்கும் என்பதைப் படம் ஒட்டிய அட்டைகளில் வரிசையாகப் பார்த்துவிட்டுத் தூங்குகிற ஒருவனுக்கு, ஐந்து வாரம் அகலமான ஒரு "எப்போதோ" என்பது தாங்க முடியாத விஷயம்.

அதனால் அதையே பாடமாக எடுத்துக்கொண்டோம், இந்த வருடம் நாங்கள் உருப்படியாகச் செய்த ஒரே பாடம் இதுதான் என்றுகூடச் சொல்வேன். ஒரு டப்பாவில் இருபது சீட்டு, பத்தொன்பது வெள்ளை, ஒன்று சிவப்பு. காலையில் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் பாப்பா ரிப்போர்ட்டில் போட்ட தேதியில் பிறந்ததாகக் கணக்கு, வெள்ளை வந்தால் வேறு ஏதோ நாளில். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிடுவோம். ஆரம்பத்தில் வெள்ளை வரும்போதெல்லாம் கோபம், டப்பா பறந்தது. கொஞ்ச நாளில் வெள்ளைதான் வரும் என்று அவனே சொல்லிவிட்டு எடுக்க ஆரம்பித்தான். ஒரு நாள் சிவப்பு வந்தது, கையில் பிடித்துப் பார்த்துவிட்டு "இதுவும் வரும்" என்றான். நிகழ்தகவை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்கப்புறம் காலண்டரில் அந்த ஒற்றைக் கட்டத்தை அழிக்க அவனே சம்மதித்தான், 37 வாரத்திலிருந்து 42 வாரம் வரை எல்லாக் கட்டத்துக்கும் மஞ்சள் அடித்தோம். மஞ்சளில் எந்த நாளும் இருக்கலாம். மஞ்சளுக்கு முன்னாலும் சில பாப்பாக்கள் வருவதுண்டு என்பதற்காக அதற்கு முந்தைய சில வாரங்களுக்கு வெளிர் மஞ்சள், அது அவனுடைய யோசனை.

கூடவே கேள்விக்குறி அட்டை. தினசரி அட்டை வரிசையில் குளியல், படிப்பு, பூங்கா என்று இருக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் கேள்விக்குறியாக வைப்போம். அந்த நேரம் வரும்போதுதான் என்னவென்று தெரியும். முதலில் அவனுக்கு ரொம்பப் பிடித்த விஷயங்களை மட்டும் அதற்குப் பின்னால் வைத்தோம், அப்புறம் மெல்ல மெல்லச் சாதாரணமானவை, இப்போது எப்போதாவது பிடிக்காதவையும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் தெரபிஸ்டுகள் பலர் சொல்லித்தரும் பழைய வழிதான் இது, நான் கண்டுபிடித்ததில்லை.

காத்திருப்பதற்கு அவனிடம் ஒரு வாசகம் இருக்கிறது. செக்கப்புக்குப் போகும்போது வரவேற்பில் இருக்கும் அம்மா எல்லோரிடமும் சொல்வார், "உக்காருங்க, கூப்பிடுவாங்க." அதே குரலில், அதே இழுவையில் அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். இணையம் நின்றுபோனால் "உக்காருங்க, கூப்பிடுவாங்க." கேள்விக்குறி அட்டையைப் பார்த்தால் அதே. கேட்டதையே திரும்பச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள், ஒரு காலத்தில் அதை அர்த்தமில்லாத பேச்சு என்று நினைத்து நிறுத்தப் பார்த்தார்கள். 1980களிலேயே பேச்சுமொழி ஆய்வாளர்கள் அதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள், ஆனாலும் "அதை நிறுத்தச் சொல்லுங்க" என்று இன்றைக்கும் யாராவது சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது பரவிவிட்டது. போன வாரம் மருத்துவமனையிலிருந்து ஃபோன் வரத் தாமதமானபோது இவர் என்னிடம் அதைத்தான் சொன்னார்.

நான் மருத்துவமனைக்குப் போகும்போது யார் அவனோடு இருப்பார்கள் என்பதற்கு ஒரு சின்னப் புத்தகம் செய்திருக்கிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு சூழ்நிலையை முன்கூட்டியே கதை போல எழுதிக்காட்டும் சோஷியல் ஸ்டோரி என்ற முறையை அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார், அதைத்தான் பின்பற்றினோம். அவனே எடுத்த புகைப்படங்கள்: என் பை, அத்தை தூங்கும் கட்டில், அத்தையின் செருப்பு நம் வாசலில். பகலில் போனால் ஒரு பக்கம், இரவில் போனால் ஒரு பக்கம், காலையில் எழும்போது அம்மா இல்லையென்றால் ஒரு பக்கம். "அம்மா சீக்கிரம் வந்துடுவேன்" என்று எங்கும் எழுதவில்லை, சீக்கிரம் என்றால் எத்தனை மணி என்று கேட்பான். "அம்மா வருவேன். எந்த நாள் என்று அப்பா ஃபோனில் சொல்வார்" என்று மட்டும். அத்தை இப்போதே அடிக்கடி வந்து தங்குகிறார், நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் கொஞ்ச நேரம் கழித்து வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ.

அழுகைக்கும் ஒத்திகை உண்டு. கைக்குழந்தையின் அழுகை காதருகே 100 டெசிபலைக்கூடத் தொடும். ஒரு பதிவை இறக்கி வைத்திருக்கிறோம், ஒலியளவு அவன் கையில், எப்போது வேண்டுமானாலும் அவன் நிறுத்தலாம். சில வாரங்களுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறான். அழுகை பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து கூடி ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் நன்றாகக் குறையும் என்பதையும் ஒரு கோடாக வரைந்து காட்டினேன். "குறையும்" என்ற இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

கேட்கக் கூடாத கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்: "இதுவும் அப்படியே இருந்துட்டா?" டாக்டரிடம் நாங்களே கேட்ட கேள்விதான், அதனால் பதில் தெரியும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கும் குழந்தைகளைச் சிறு வயதிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வுகள் 2011இலும் 2024இலும் வந்தன, இரண்டிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டுதான் இந்தக் குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஆனால் அதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திவிட்டதாக நினைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்று கேட்கிறார்கள், அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதால் காதில் விழவில்லை என்று எண்ணிக்கொண்டு. அவனுக்கு எல்லாம் கேட்கிறது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

"இந்தக் குழந்தைக்காவது ஊசி போடாதீங்க" என்ற அறிவுரையும் வந்தது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998இல் லான்செட் இதழில் வெளியான அந்தக் கட்டுரையை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றுவிட்டது, எழுதிய வேக்ஃபீல்டு மருத்துவப் பதிவையும் இழந்தார். இத்தனை வருடம் கழித்தும் அது ஃபார்வர்டு மெசேஜாக வந்துகொண்டே இருக்கிறது. ஊசி போடுவோம், எல்லாவற்றையும், உரிய நேரத்தில்.

அவனுக்குப் பாப்பா மேல் பாசம் இருக்கிறதா என்று பாட்டிக்கு, அதாவது என் மாமியாருக்கு, கவலை. வயிற்றில் முத்தம் கொடுக்கச் சொன்னார், அவன் கொடுக்கவில்லை, ஓடிவிட்டான். "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல அத்தை, அவன் பையைக் காட்டச் சொல்லுங்க" என்றேன். போய்க் கேட்டார். இரண்டு கிலோவைத் தாண்டிய அந்தத் துணிப்பையை அவன் இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கி வந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான்.

பிரசவத்துக்கு அப்புறம் படிப்பு எப்படி என்று கேட்டால், கொஞ்ச மாதம் இருக்காது. அட்டை வரிசை இருக்கும், காலையில் இவரோடு பூங்கா இருக்கும், தராசு இருக்கும். மற்றதெல்லாம் தூங்க முடிகிற அளவைப் பொறுத்து. சூப்பர் அம்மா என்று யாராவது எழுதினால் அவர்களை எங்கள் சிங்க்கில் கிடக்கும் பாத்திரங்களைப் பார்க்க அழைக்கிறேன்.

இப்போதைக்கு ஒரு வேலை பாக்கி. பாப்பா பிறந்ததும் எடையைக் கிராமில்தான் சொல்ல வேண்டும், கிலோவில் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் எழுதி வாங்கிவிட்டான், வீட்டுக்கு வந்ததும் அவனும் எடை போடப் போகிறானாம். பிறந்த சில நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் குறையும், பத்து சதவீதம் வரைகூடக் குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். இது அவனுக்கு இன்னும் தெரியாது. அவன் நோட்டில் இதுவரை எந்தப் பாப்பாவும் குறைந்ததில்லை. அதற்கு ஒரு பக்கம் செய்து புத்தகத்தில் சேர்க்க வேண்டும், மஞ்சள் கட்டம் தொடங்குவதற்குள்.